தள்ளிப்போட்ட ஒரு பாயின்ட்

டென்னிஸ் ஆட்டத்தில் நடுவர் உட்காரும் நாற்காலிக்கு ஏணிப்படி உண்டு. ஏறி உட்கார்ந்துவிட்டால் கோடுகளும், வலையும், கம்பி வேலிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களின் முகங்களும் ஒரே பார்வையில் தெரியும். பிரேமலதாவுக்கு அந்த உயரம் பிடிக்கும். அதைச் சொல்லிக்கொள்ள அவள் கூச்சப்பட்டதில்லை. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒற்றை அறையில் ஏழு பேரோடு நெருக்கிப் படுத்து வளர்ந்தவள், நாலு பேர் தன்னை அண்ணாந்து பார்த்துப் பேசட்டும் என்று ஆசைப்பட்டால் அதில் என்ன தப்பு?

வாரத்தில் ஐந்து நாள் சயானில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. எப்போதோ ஆபீஸ் விளையாட்டுப் போட்டியில் ஸ்கோர் சொல்ல ஆளில்லாமல் அவளை உட்கார வைத்தார்கள். அன்று தொற்றிக்கொண்ட பைத்தியம் விடவில்லை. பரீட்சை எழுதி, நடுவர் பேட்ஜ் வாங்கி, சனி ஞாயிறுகளில் சிறுவர் சிறுமியர் போட்டிகளுக்கு ஊர் முழுக்கப் போய்வருகிறாள். பிரேமலதா மேடம் சேரில் இருந்தால் பேச்சே கிடையாது என்று கோச்சுகள் சொல்வார்கள். ஒரு பெரிய கிளப்பின் செயலாளர் முகத்துக்கு நேரே அவர் மகனின் பாயின்டைக் கழித்தவள் என்று பெயர். இத்தனை வருஷத்தில் அவள் சேர்த்த சொத்து என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பெயர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை செம்பூரில் ஒரு கிளப்பில் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களின் இறுதி ஆட்டம். ஜெயிக்கிறவளுக்கு ஒரு கோப்பை உண்டு. கோப்பை கிடக்கட்டும், அதோடு ஒரு வருஷத்துக்கு அந்தக் கிளப்பின் கோர்ட்டில் கோச்சோடு சும்மாவே ஆடலாம் என்று அறிவித்திருந்தார்கள். சொந்தமாக கோர்ட் இல்லாத பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியும். ஆட வந்திருந்த இரண்டு பெண்களுமே அப்படிப்பட்டவர்கள்தான்.

மாலதி தாராவிக்காரி. ஒல்லி, உயரம், கையில் எக்கச்சக்க பலம். முனிசிபல் பள்ளி மைதானத்துச் சுவரில் பந்தை அடித்து அடித்துக் கற்றவள். அவளுடைய அப்பா தங்கசாமி தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். ராக்கெட்டைக் கையால் தொட்டதில்லை. ஆனால் ஃபோனில் ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து, எதிராளிக்கு எந்தக் கை சோடை, எந்தக் கால் சோடை என்று பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும் கண் அவருக்கு வாய்த்திருந்தது.

எதிரே பரீஹா. காட்கோபரிலிருந்து வந்தவள். ஒரு ஹவுசிங் சொசைட்டியின் பாதி கோர்ட்டில், கார்கள் நிறுத்தாத நேரம் பார்த்துப் பயிற்சி. வலது முழங்காலில் ஒரு பட்டி. தொப்பிக்குள் முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். அவளுடைய அம்மா பேகம் கறுப்பு புர்காவில் வேலியோரம் வந்து உட்கார்ந்து, ஃபோனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பரீஹா பிரேமலதாவிடம் பேசியதெல்லாம் இந்தியில்தான். "மேடம், பானி உதர் ரக் தூங்?" என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலைப் பெஞ்சுக்குக் கீழே வைத்தாள்.

பிரேமலதா இருவரையும் வலையருகே கூப்பிட்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். பந்து கோட்டைத் தொட்டாலும் உள்ளேதான். எதிராளி தயாராகும் முன் சர்வீஸ் போடக் கூடாது. கோபத்தைப் பந்திடமோ ராக்கெட்டிடமோ காட்டக் கூடாது. வேலிக்கு வெளியிலிருந்து யாரும் ஆட்டம் சொல்லித்தரக் கூடாது. அப்பா அம்மா என்றாலும் கூடாது. பெரிய போட்டிகளில் இப்போது அதை அனுமதிக்கிறார்கள், இங்கே கிடையாது. முதல் தப்புக்கு எச்சரிக்கை, அடுத்ததற்கு ஒரு பாயின்ட், அதற்கும் அடுத்ததற்கு ஒரு முழு கேம். வெளியே இருப்பவர் பேசினாலும் தண்டனை உள்ளே ஆடுகிறவளுக்கு. புரிந்ததா என்று கேட்டாள். இரண்டு தலைகளும் ஆடின.

மாலதியின் எச்சரிக்கை மூன்றாவது கேமிலேயே செலவாகிவிட்டது. வலையருகே லட்டு மாதிரி வந்த பந்தை வெளியே அடித்துவிட்டு, ஆத்திரத்தில் கையிலிருந்த இன்னொரு பந்தைச் சுவருக்கு மேலே ரோட்டுக்கு அனுப்பினாள். வெளியே ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது. "கோட் வயலேஷன், பால் அப்யூஸ். வார்னிங், மாலதி" என்று பிரேமலதா மைக் இல்லாமலே கணீரென்று சொன்னாள். மாலதி தலையைக் குனிந்துகொண்டு "சாரி மேடம்" என்றாள். அதோடு அது முடிந்தது. எச்சரிக்கை மட்டும் அவள் கணக்கில் நின்றது.

நாலுக்கு நாலு என்று இருக்கும்போது தங்கசாமி எழுந்து ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வேலியோரம் நடக்க ஆரம்பித்தார்.

"எல மாரீஸ்வரா, கேக்கா? மால் பூரா இடது கைப் பக்கமே எறக்குல. வலது பக்கம் போவாத, வலது பக்கம் பலமா இருக்கு. இடது கைப் பக்கம், பாத்துக்க."

பாவம், ஞாயிற்றுக்கிழமைகூடப் பட்டறை இந்த மனுஷனை விடவில்லை என்றுதான் பிரேமலதா முதலில் நினைத்தாள். அந்தத் திருநெல்வேலிப் பேச்சைக் கேட்க ஆசையாகக்கூட இருந்தது. அடுத்த கேமில் மாலதியின் பந்துகள் எல்லாம் பரீஹாவின் இடது கைப் பக்கம், பேக்ஹேண்டுக்கே போயின. பரீஹா தடுமாறினாள். தற்செயல் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் சற்றைக்கெல்லாம் மாரீஸ்வரனுக்கு மறுபடியும் உத்தரவு போனது.

"உள்ள கொண்டு போவாதல. ஷட்டர்கிட்டயே போடு. அவனுக்குக் கால் சரியில்ல, ஓடி வர மாட்டான்."

மாலதி பந்தை மெல்லத் தட்டி வலையை ஒட்டிப் போட்டாள். முழங்கால் பட்டியோடு பரீஹா ஓடி வந்து எட்டாமல் நின்றாள்.

பிரேமலதாவுக்கு இடி இறங்கியது போல இருந்தது. பட்டறையும் இல்லை, மாரீஸ்வரனும் இல்லை. ஷட்டர் என்றால் வலை.

பம்பாயில் நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லோக்கல் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவளின் புடவை, புருஷன், பல் எடுப்பு என்று ஒன்று விடாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் பேசுவார்கள். தமிழ் என்பது கதவைச் சாத்திக்கொண்டு பேசும் அறை என்று நினைப்பு. தங்கசாமியும் அந்த அறைக்குள் நின்றுதான் கத்திக்கொண்டிருந்தார். நடுவர் மேடத்தின் பெயரைப் பார்த்தும் அவருக்குத் தோன்றவில்லை. இந்தியில் அத்தனை சரளமாக அதட்டுகிற ஒருத்தி தமிழச்சியாக இருப்பாள் என்று அவர் எப்படி நினைப்பார்?

செய்ய வேண்டியது என்னவென்று பிரேமலதாவுக்கு நன்றாகத் தெரியும். கோச்சிங், இரண்டாவது தப்பு, ஒரு பாயின்ட். வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும். வாய் திறக்கவில்லை. எச்சரிக்கை பாக்கி இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அது செலவாகிவிட்டதே, அப்பன் செய்த தப்புக்குப் பிள்ளையின் பாயின்டை எப்படிப் பிடுங்குவது என்று மனசு இழுத்தது. அந்தப் பெண் வந்த சந்துகளை அவளுக்குத் தெரியும். குழாயடியில் முறை வைத்துத் தண்ணீர் பிடித்துவிட்டு, ஷூவைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, சாக்கடைப் பலகைகளைத் தாண்டி வந்திருப்பாள். அவளுக்கு ஒரு வருஷம் கோர்ட் கிடைத்தால் என்னவெல்லாம் ஆகலாம்! செயலாளர் மகனின் பாயின்டைக் கழித்தபோது இப்படியெல்லாம் யோசனை வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அப்படியும் முதல் செட்டை ஏழுக்கு ஐந்து என்று பரீஹாதான் எடுத்தாள். செட்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிஷ இடைவெளி. நடுவர் நாற்காலியை விட்டு இறங்க வேண்டியதில்லை. பிரேமலதா இறங்கினாள். தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி வேலியோரம் போனாள். பக்கத்திலேயே பெஞ்சில் பரீஹா தலைமேல் டவலைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பற்றி பிரேமலதா யோசிக்கவே இல்லை. இந்திக்காரப் பெண், டவலுக்குள் இருக்கிறாள், அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, ஃபோன வைங்க" என்றாள் தமிழில், தாழ்ந்த குரலில். "நீங்க மாரீஸ்வரன்கிட்ட பேசறது எல்லாம் எனக்குப் புரியுது."

தங்கசாமியின் முகம் முதலில் செத்துப்போனது. அடுத்த நொடி அதே முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே!

"ஏ தங்கச்சி! நீங்க தமிழா? எந்தப் பக்கம்?"

"லேபர் கேம்ப்."

"அட, நம்ம கேம்ப்பா! எங்க மச்சான் அங்கனதான் இருக்கான். இம்புட்டு நேரம் மேடம் மேடம்னு பயந்துட்டுல்லா நின்னேன்."

"அண்ணாச்சி, இது விளையாட்டில்ல. வெளியிலேருந்து சொல்லித் தரக் கூடாது. உங்க பொண்ணுக்கு ஏற்கெனவே ஒரு வார்னிங் இருக்கு. இன்னொண்ணு குடுத்தேன்னா பாயின்ட் போயிரும்."

"டிவில எல்லாரும் சொல்லித்தான குடுக்காவ?"

"அது வேற. இங்க கூடாது."

"சரி சரி, இனி பேசல. நீங்க டென்ஷன் ஆவாதிய. நம்ம புள்ள ஜெயிக்கணும்லா, தங்கச்சி?"

அதற்கு பிரேமலதா சிரித்தாள். சிரிக்காமல் திரும்பியிருக்கலாம். ஒரு தமிழ்க் குரல் தங்கச்சி என்று கூப்பிட்டதில் உள்ளே எதுவோ இளகிவிட்டது. நல்ல காரியம் செய்ததாகவே நினைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். யாருக்கும் வலிக்காமல் தப்பைத் திருத்திவிட்டோம், பாயின்டும் போகவில்லை, விதியும் பிழைத்தது என்று ஒரு திருப்தி.

அந்தத் திருப்தி மூன்று கேம் தாங்கியது. அதுவரை தங்கசாமி வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரீஹா ஒரு நல்ல பந்தை அடித்ததும் ஃபோன் மறுபடி காதுக்குப் போனது.

"மாரீஸ்வரா, ஒண்ணும் பயப்படாதல. மேல இருக்கது நம்ம ஆளுதான். நீ இடது கைப் பக்கமே எறக்கு."

சொல்லிவிட்டு நாற்காலியைப் பார்த்து, கல்யாண வீட்டில் சம்பந்தியைப் பார்ப்பது போல ஒரு தலையசைப்பு வேறு. பிரேமலதாவின் காது சுட்டது. இப்போது பாயின்டைக் கழித்தால் அந்த ஆள் வேலியில் ஏறி நின்று, இடைவெளியில் பேசியதையெல்லாம் ஊருக்குச் சொல்வான். அவள் கோர்ட்டை விட்டு வேலியோரம் போய்ப் பேசியதே தப்பு. அந்த ஒரு தப்பை மூட இப்போது இந்தத் தப்பையும் கண்டும் காணாமல் விட வேண்டியிருந்தது.

மாலதி மூன்றுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தாள். அடுத்த கேமிலும் நாற்பதுக்குப் பூஜ்யம். அந்த இடத்தில் ஒரு பாயின்டை எடுத்தால் பெண்ணுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை, அப்பனுக்கும் பயம் வரும் என்று பிரேமலதாவுக்குத் தோன்றியது. தொண்டை வரை வந்தது. அடுத்த தடவை பேசட்டும், கட்டாயம் கொடுத்துவிடுகிறேன் என்று விழுங்கிவிட்டாள். அடுத்த தடவையும் அப்படியே போயிற்று.

அப்பாவின் குரல் எழும்போதெல்லாம் மாலதி சந்தோஷப்பட்டாள் என்று சொல்ல முடியாது. பக்கம் மாறும்போது ஒரு முறை அவள் வேலியைப் பார்த்து, கழுத்து அசைவதே தெரியாமல், வேண்டாம் என்று தலையாட்டினாள். தங்கசாமி அதைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவள் பார்த்தாள். ஆட்டக்காரி வெளியே இருப்பவரோடு பேசினால் அதுவும் தப்பாகிவிடும், அதனால்தான் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறாள் என்று புரிந்தது. புரிந்தும் ஸ்கோரை மட்டும் சொன்னாள்.

பேகம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாலதி மூலையில் ஒரு அருமையான பந்தை வைத்தபோது மட்டும் மடியிலிருந்த கைகளை எடுத்து மெல்லத் தட்டினார். எதிராளியின் நல்ல அடிக்கும் கைதட்டுவதுதான் இந்த ஆட்டத்தின் மரியாதை. அதைச் செய்கிற பெற்றோர்களை பிரேமலதா விரல் விட்டு எண்ணிவிடுவாள்.

இரண்டாவது செட் ஆறுக்கு நான்கு என்று மாலதிக்குப் போனது. செட்டுக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தப் போட்டிகளில் மூன்றாவது செட் கிடையாது. பத்துப் பாயின்ட் டைபிரேக்தான். யார் முதலில் பத்தை, இரண்டு பாயின்ட் வித்தியாசத்தோடு தொடுகிறாளோ அவள் ஜெயித்தாள்.

வெயில் ஏறிவிட்டது. பரீஹாவின் பட்டி போட்ட கால் லேசாக இழுத்தது. மாலதி எட்டு, பரீஹா ஆறு. தங்கசாமி உட்காரவே இல்லை. பரீஹா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பாயின்டை எடுத்தாள். எட்டுக்கு எட்டு. இனி ஒரே ஒரு பாயின்டுக்கு ஒரு வருஷத்தின் கனம் இருந்தது. பரீஹா சர்வீஸ் போடப் பந்தைத் தரையில் தட்டினாள்.

"மாரீஸ்வரா! ஷட்டர்கிட்ட போடுல, ஷட்டர்கிட்ட! கால் போச்சு அவனுக்கு!"

பரீஹா பந்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். தொப்பியைச் சரிசெய்தாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, நல்ல திருநெல்வேலித் தமிழில், வீட்டுப் பெரியவர்களிடம் பேசும் மரியாதையோடு சொன்னாள்.

"மாமா, ஃபோன கொஞ்சம் கீழ வைங்களேன். நான் சர்வீஸ் போடணும்லா. ஷட்டர்கிட்ட ஓடி ஓடி எனக்குக் காலு வலிக்கி."

தங்கசாமி ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவும் மறந்து நின்றார். மாலதி கண்களை மூடிக்கொண்டாள். பேகம் தலையைக் குனிந்துகொண்டார்.

பிரேமலதாவுக்கு இப்போதுதான் உறைத்தது. இந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மாரீஸ்வரனை மட்டுமல்ல, அண்ணாச்சி, தங்கச்சி, நம்ம கேம்ப்பு, நம்ம புள்ள எல்லாவற்றையும், அந்த டவலுக்குள் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு எழுந்து போய் ஆடியிருக்கிறாள். லேபர் கேம்ப்பில் பிரேமலதாவின் வீட்டுக்கு அடுத்த வீடு அப்துல் வாஹித் வீடு. திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரர்கள். ரம்ஜானுக்குக் கஞ்சியும் தீபாவளிக்கு முறுக்கும் சுவரைத் தாண்டித் தாண்டிப் போகும். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு தமிழில் சண்டை போட்டு வளர்ந்தவள், பரீஹா என்ற பெயரையும் ஒரு புர்காவையும் பார்த்ததும் இவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று முடிவுகட்டிவிட்டாள். அவள் அப்படி நினைத்தாள் என்பதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

இனிமேல் தள்ளிப்போட இடமில்லை.

"கோட் வயலேஷன், கோச்சிங். பாயின்ட் பெனால்டி, மாலதி. ஸ்கோர், ஒன்பது - எட்டு, பரீஹா."

தங்கசாமிக்கு அந்த வாக்கியம் புரியவே சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் வேலிக்கம்பியைப் பிடித்து உலுக்கினார். "ஏ தங்கச்சி, இது என்ன நியாயம்? இம்புட்டு நேரம் சும்மாதான இருந்திய!" கிளப் ஆட்கள் இருவர் வந்து அவரைப் பின்னால் அழைத்துப் போனார்கள். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். பிரேமலதா கோர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழித்த பாயின்டும் ஆடி முடித்த பாயின்ட் கணக்குத்தான். அதனால் சர்வீஸ் இப்போது மாலதிக்கு வந்தது. இதை விட்டால் ஆட்டம் போச்சு. மாலதி நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு சர்வீஸ் போட்டாள். நல்ல சர்வீஸ். பரீஹா திருப்பினாள். இரண்டு பேரும் மூலைக்கு மூலை அடித்தார்கள். நீண்ட பந்து ஒன்றில் பரீஹா கோட்டுக்கு வெகு பின்னால் தள்ளப்பட்டு, காலை ஊன்ற முடியாமல் நின்றாள். வலையருகே முழுக் கோர்ட்டும் காலியாகக் கிடந்தது. மெல்ல ஒரு தட்டு தட்டினால் போதும். பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்தது.

மாலதி தட்டவில்லை. அவளுக்குத் தெரியாமல் இல்லை. ராக்கெட்டை அதற்காக ஒருமுறை தாழ்த்தவும் செய்தாள். பிறகு ஓங்கி, பரீஹாவின் வலது கைப் பக்கம், அவளுக்குப் பலமான பக்கம் பார்த்து அடித்தாள். பரீஹா நின்ற இடத்திலிருந்தே அதை நேர்க்கோட்டில் திருப்பி அனுப்பினாள். பந்து மாலதியைத் தாண்டிப் போய் மூலையில் விழுந்தது.

"கேம், செட், மேட்ச், பரீஹா" என்று பிரேமலதா சொன்னாள்.

இரண்டு பெண்களும் வலையருகே வந்து கைகொடுத்துக்கொண்டார்கள். மாலதி ஏதோ சொன்னாள். பரீஹா அவள் தோளைத் தட்டினாள். அதன் பிறகு நடுவருக்கும் கைகொடுப்பது முறை. மாலதியை அதற்குள் அவள் அப்பா வாசலிலிருந்து பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டார், அவள் ஓடினாள். பரீஹா மட்டும் வந்தாள். ஜெயித்தவளின் முகமாக அது இல்லை.

பிரேமலதா ஏணியிலிருந்து இறங்கிவிட்டிருந்தாள். மேலே இருந்துகொண்டு அந்தக் கையைத் தொட அவளால் ஆகவில்லை.

"உனக்குத் தமிழ் தெரியும்னு ஏம்மா சொல்லல? அவர் பேசினதும் எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

பரீஹா அவளை நேராகப் பார்த்தாள்.

"ஏதாச்சும்னா சேர் அம்பயர்கிட்டதான் சொல்லணும் மேடம். சேர்ல நீங்கதான இருந்தீங்க. நீங்க அவங்ககூடப் பேசிட்டு இருந்தீங்க."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிரேமலதாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பேகம் வேலிக்கு வெளியே நின்று மகளைக் கூப்பிட்டார். "வா தாயி, காலுக்கு ஐஸ் வைக்கணும்." நடுவர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பிரேமலதா நேராகப் போட்டி டைரக்டரிடம் போனாள். முதல் செட்டிலிருந்தே தனக்குத் தெரியும் என்றும், இடைவெளியில் வேலியோரம் போய்ப் பேசினேன் என்றும் மறைக்காமல் சொன்னாள். அவர் நல்ல மனிதர். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "கடைசியில் கொடுத்துவிட்டீர்களே மேடம், முறைப்படிதானே கொடுத்தீர்கள்? கைகொடுத்தாகிவிட்டது. இனி எதையும் மாற்ற முடியாது. மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று இந்தியில் தேற்றினார். அவள் தேறவில்லை. தண்டனை வாங்கத்தான் போயிருந்தாள். அங்கே அது கிடைக்கவில்லை.

பரிசு கொடுத்து முடித்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிரேமலதா தன் பையை எடுக்கக் கோர்ட்டுக்குத் திரும்பியபோது மாலதி வாசலில் நின்றிருந்தாள். ராக்கெட் பை தோளில். அழுது முகம் கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. அப்பா ரோட்டில் ஆட்டோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள்.

"உங்களுக்குக் கை குடுக்காமப் போயிட்டேன் மேடம்."

கையை நீட்டினாள். சின்னப் பெண்ணின் கைதான், ஆனால் உள்ளங்கை முழுக்கக் காய்த்துப்போயிருந்தது. பிரேமலதா பிடித்துக்கொண்டாள்.

"நல்லா ஆடினம்மா. அந்தப் பாயின்ட எடுக்க எனக்கு மனசே வரல. விதி அப்படி. என்ன செய்ய?"

மாலதி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அப்பா மொதல் செட்லயே பேச ஆரம்பிச்சுட்டாவ. அப்பவே உங்களுக்குப் புரிஞ்சுதுல்லா மேடம்?"

"புரிஞ்சுது."

"அப்பவே எடுத்திருக்கலாம்லா" என்றாள் மாலதி. "அப்பாவும் பயந்து வாய மூடியிருப்பாவ. ஒரு பாயின்ட்தான மேடம்? நான் திருப்பி எடுத்திருப்பேன்."

ரோட்டில் தங்கசாமி ஆட்டோ கிடைத்துவிட்டது என்று சத்தம் கொடுத்தார். பிரேமலதா அந்தக் கையை விடவும் மாட்டாமல், பிடித்துக்கொண்டிருக்கவும் மாட்டாமல் நின்றாள்.